கோலும் கூலியும்

இரத்மலானையில் விமானத் தளம் தோன்றுவதற்கு முந்திய காலம் அது. கடல் கடந்து செல்ல விரும்பியோர் பலரும் கொழும்புத் துறைமுகத்தையே வாயிலாகக் கொண்டிருந்தனர். 1932ஆம் ஆண்டில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் விழாவை நோக்கிப் புறப்பட்ட இந்திய ஹொக்கிக் குழுவினர், வழியில் இலங்கைக்கும் வந்து அகில இலங்கை அணியுடன் இரண்டு ஆட்டங்கள் ஆடினர். முதலாவது ஆட்டத்தில் அவர்கள் 20 கோல்களும் இரண்டாவது ஆட்டத்தில் 10 கோல்களும் அடித்தனர். நம்மவர் ஒரு கோலேனும் பெற்றிலர். ஆயினும் அத்தோல்வியை அவமானமாகக் கருதுவதற்கு இடமில்லை. வந்திருந்தோர் உலகத்தை வென்றவர்கள். அவர்களுள் ஒருவர் தியான் சந்த்.

அதே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2028ஆம் ஆண்டு நிகழவிருக்கும் ஒலிம்பிக் விழாவிலே கிரிக்கெட் ஆட்டமும் இடம்பெறும் என 2023ஆம் ஆண்டில் முடிவாயிற்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் விழாவில் ஒரேயொரு முறை ஆடப்பட்ட ஆட்டம் அது. இச்செய்தி வந்தது முதல் ஆசிரியர் கூடும் அறைகளிலும் மாணவர் கூடும் முற்றங்களிலும் ஒரு பழைய விவாதம் புத்துயிர் பெற்றிருக்கிறது. எந்த விளையாட்டு ஒலிம்பிக் விழாவுக்கு உரியது? ஆட்டத்தால் பெருஞ்செல்வம் ஈட்டும் தொழின்முறை ஆட்டக்காரர், வெறும் பதக்கத்துக்காக நடக்கும் அவ்விழாவில் நிற்பது தகுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் சட்டப் புத்தகங்களைப் புரட்டுவதிலும், தியான் சந்தின் வாழ்க்கையை ஒருமுறை நோக்குவது நன்று. ஒரு செப்புக்காசும் பெறாது ஆடியவர் அவர். அவ்வாறு ஆடியதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதையும் அவ்வாழ்க்கையே கூறும்.

தியான் சந்த் 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆம் திகதி அலகாபாத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தியான் சிங். தந்தையார் பிரித்தானிய இந்தியப் படையிலே பணியாற்றியவர். படைவீரன் குடும்பத்துக்கு ஊர் ஏது? மாற்றம் வரும்தோறும் மூட்டை கட்டியவர்கள், இறுதியில் ஜான்சி நகரில் நிலைத்தனர். இவ்வாறு அலைந்தமையால் சிறுவனின் கல்வி ஆறு ஆண்டுகளுடன் நின்றுபோயிற்று. இளமையில் அவருக்கு ஹொக்கியில் ஈடுபாடு இருந்ததில்லை. மற்போரிலேயே மனம் சென்றது.

பதினேழு வயது நிரம்பிய அன்றே, 1922ஆம் ஆண்டில், அவர் சாதாரணச் சிப்பாயாகப் படையிற் சேர்ந்தார். அங்கே சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் அவரது கையில் ஹொக்கி மட்டையைக் கொடுத்தார். படையில் ஆட்டத்துக்கெனத் தனி வேளை எதுவும் வகுக்கப்படவில்லை. கடமை ஓய்ந்த பின்னரே பயிற்சி. நிலவொளியிலும் அவர் பயின்றாரென்றும், அதனாலேயே தோழர்கள் அவரைச் சந்திரன் என்னும் பொருள்பட ‘சந்த்’ என்று அழைக்கலாயினரென்றும் கூறுவர். தியான் சிங் தியான் சந்த் ஆன கதை இதுவே.

1926ஆம் ஆண்டில் இந்திய இராணுவத்தின் ஹொக்கிக் குழு நியூசிலாந்துக்குச் சென்றது. தியான் சந்தும் உடன் சென்றார். 21 ஆட்டங்களுள் 18இல் வெற்றி, இரண்டு சமநிலை, ஒன்றே தோல்வி. திரும்பி வந்த சிப்பாய்க்கு லான்ஸ் நாயக் என்னும் சிறு பதவி உயர்வு கிடைத்தது. இதனை வாசகர் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஆட்டத்துக்காக ஒருவன் கையில் பத்து ரூபாய் கொடுத்தால் அவன் தொழின்முறை ஆட்டக்காரன். ஆட்டத்தின் பின்னர் பதவி உயர்த்தி, மாதந்தோறும் வரும் சம்பளத்தைச் சிறிது கூட்டினால் அவன் தூய அமெச்சூர். அக்காலத்துச் சட்டம் கண்ட வேற்றுமை இவ்வளவே.

அமெச்சூர் என்பவர் விளையாட்டின் மேலுள்ள விருப்பினால் மட்டுமே விளையாடுபவர்; பொருள் பெறாதவர். கருத்து உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் அக்கருத்துப் பிறந்த இடத்தையும் நோக்க வேண்டும். இங்கிலாந்தின் படகோட்டப் போட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஹென்லி நகரில் 1879ஆம் ஆண்டில் வகுத்த விதி, கைவினைஞரையும் கூலியாளரையும் அமெச்சூர் அல்லர் என்று ஒதுக்கியது. படகோட்டிப் பணம் பெற்றவரை மட்டும் அது விலக்கவில்லை. கையால் உழைத்துப் பிழைப்போர் அனைவரையுமே விலக்கியது. ஓய்வும் பரம்பரைச் சொத்தும் உடையோரே தூயவர் என்பது அதன் உட்பொருள். நவீன ஒலிம்பிக் இயக்கம் 1896ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் முதல் விழாவை எடுத்தபோது, இவ்விதியின் கடுமை தணிந்திருந்ததாயினும் அதன் நிழல் நீங்கவில்லை.

நிழல் எத்துணை நீண்டது என்பதை அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப் உணர்ந்தார். 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் விழாவில் ஐந்தம்சப் போட்டியிலும் பத்தம்சப் போட்டியிலும் தங்கம் வென்றவர் அவர். முன்னர் சிற்றூர்க் குழுவொன்றிலே சொற்பப் பணத்துக்கு பேஸ்போல் ஆடினார் என்பதற்காக, அடுத்த ஆண்டே அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அவர் 1953இல் இறந்தார். பதக்க உரிமை மீண்டது 1982இல். தனிப்பெரும் வெற்றியாளர் என ஏற்றுக்கொள்ளப்பட்டது 2022இல்.

இனி ஹொக்கியின் கதை. 1908ஆம் ஆண்டிலும் 1920ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் விழாவில் ஆடப்பட்ட இவ்விளையாட்டு, 1924ஆம் ஆண்டு பாரிஸ் விழாவில் இடம்பெறவில்லை. ஹொக்கிக்குச் சர்வதேசச் சம்மேளனம் இல்லாமையே காரணமாகக் கூறப்பட்டது. அதனாலேயே பிரான்ஸைச் சேர்ந்த போல் லியோத்தே முன்னின்று அவ்வாண்டிலேயே சம்மேளனத்தை நிறுவினார். விளையாட்டின் சிறப்பு மட்டும் அதற்கு ஒலிம்பிக் இடத்தைத் தேடித் தருவதில்லை. கட்டிக் காக்கும் அமைப்பும் வேண்டியிருக்கிறது. 1928ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் விழாவில் ஹொக்கி மீண்டும் சேர்க்கப்பட்டது. முதன்முறையாக இந்தியாவும் அதில் ஆடியது.

பம்பாய்த் துறைமுகத்தில் அக்குழுவை வழியனுப்ப வந்தோர் மூவரே. அம்ஸ்டர்டாமில் நிகழ்ந்ததோ வேறு. ஒஸ்திரியாவை 6 கோல்களாலும், பெல்ஜியத்தை 9 கோல்களாலும், டென்மார்க்கை 5 கோல்களாலும், சுவிற்சர்லாந்தை 6 கோல்களாலும் வென்ற இந்தியர், மே மாதம் 26ஆம் திகதி இறுதி ஆட்டத்திலே சொந்த மண்ணில் நின்ற ஒல்லாந்தரை 3 கோல்களால் வென்றனர். இந்தியாவுக்கு எதிராக ஒரு கோலும் விழவில்லை. இந்தியா அடித்த 29 கோல்களுள் 14 தியான் சந்தின் மட்டையிலிருந்து பிறந்தவை. இறுதி ஆட்டத்தின்போது அவர் காய்ச்சலுடன் இருந்தார். குழு பம்பாய்க்குத் திரும்பியபோது துறைமுகத்தில் மக்கள் வெள்ளம் திரண்டிருந்தது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1932ஆம் ஆண்டுக் குழுவைத் தெரிவதற்காக மாகாணங்களுக்கிடையே போட்டி நடந்தது. உலகின் முதல்வரான ஆட்டக்காரர் அதில் ஆடவில்லை. அவருடைய படைப்பிரிவு அவருக்கு விடுமுறை தரவில்லை. ஹொக்கிச் சம்மேளனம் தெரிவுப் போட்டியின்றியே அவரைக் குழுவிற் சேர்த்துக்கொண்டது. செல்வக் குடியிற் பிறந்த ஓர் ஆங்கில அமெச்சூர் இத்தகைய இடரை அறியமாட்டார். அவருடைய நேரம் அவருக்கே உரியது. தியான் சந்தின் நேரமோ அவருக்குச் சம்பளம் அளித்தவருக்கு உரியது. பணம் பெற்றாயா என்று கேட்ட ஒலிம்பிக் விதி, உனக்கு விடுமுறை கிடைத்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

லொஸ் ஏஞ்சல்ஸ் தொலைவில் இருந்தது. உலகமோ பொருளாதாரத் தாழ்விற் சிக்கியிருந்தது. ஹொக்கிக்கு வந்து சேர்ந்த நாடுகள் இந்தியா, யப்பான், அமெரிக்கா ஆகிய மூன்றே. யப்பானை 11க்கு 1 என்றும் அமெரிக்காவை 24க்கு 1 என்றும் இந்தியர் வென்றனர். அமெரிக்கருக்கு எதிராகத் தியான் சந்தின் தம்பி ரூப் சிங் 10 கோல்களும் தியான் சந்த் 8 கோல்களும் அடித்தனர். மூன்று நாடுகள் மட்டும் ஆடும் ஆட்டம் ஒலிம்பிக்குக்கு உரியதுதானா என்று ஒருவர் அன்று கேட்டிருந்தால், அவரைக் குறைகூற இயலாது. ஆனால் ஒரு மரம் காய்க்குமா என்பதை நட்ட அடுத்த ஆண்டிலேயே தீர்மானிப்பார் உண்டோ? ஹொக்கி வேரூன்றுவதற்கு விழா இடம் கொடுத்தது. பின்னர் பல நாடுகளில் அது கிளைத்தது.

அதே 1932ஆம் ஆண்டு விழாவிலே மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. பின்லாந்தின் பாவோ நூர்மி, மூன்று விழாக்களில் ஒன்பது தங்கப் பதக்கங்கள் பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர், மரதன் ஓட்டத்துடன் தம் ஒலிம்பிக் வாழ்வை நிறைவுசெய்ய விரும்பி அந்நகருக்கு வந்திருந்தார். ஜேர்மனியில் ஓடியபோது பிரயாணச் செலவு என்ற பெயரில் அளவுக்கு மிஞ்சிய பணம் பெற்றார் என்று குற்றம் சாட்டி, விழாவின் தறுவாயில் அவரைத் தடுத்துவிட்டனர். உதைபந்தாட்டமோ அவ்விழாவில் இடம்பெறவேயில்லை. வேலையை விட்டு வரும் ஆட்டக்காரர் இழக்கும் கூலிக்கு ஈடு கொடுக்கலாமா என்னும் பிணக்கு, அவ்விளையாட்டின் தலைவர்களையும் ஒலிம்பிக் தலைவர்களையும் பிரித்திருந்தது. 1930ஆம் ஆண்டில் உலகக் கிண்ணம் தோன்றியதற்கு இப்பிணக்கும் ஒரு காரணம்.

இந்திய ஹொக்கிக் குழு நாடு திரும்பியவாற்றையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணமுடையினால் அவர்கள் நேராக வீடு திரும்பவில்லை. அமெரிக்காவில் ஆடினர், ஒல்லாந்து, ஜேர்மனி, செக்கோசிலோவாக்கியா, ஹங்கேரி எனச் சென்ற இடமெல்லாம் ஆடினர், செப்டம்பர் மாதத்தில் இரண்டு வாரத்துள் 9 ஆட்டங்கள் ஆடியதும் உண்டு. மீண்டும் இலங்கைக்கு வந்தனர். இந்தியாவிலும் ஊர் ஊராக ஆடினர். பிரயாணச் செலவை ஈடுசெய்வதற்காகவே இவ்வாட்டங்களுட் பல நிகழ்ந்தன. மொத்தம் 37 ஆட்டங்கள், 34 வெற்றிகள், 338 கோல்கள். அவற்றுள் 133 தியான் சந்த் அடித்தவை.

இங்கே நேர்மையுள்ள வாசகர் ஒரு கேள்வி கேட்பார். மக்கள் காசு கொடுத்துக் காணும் ஆட்டத்தில் ஆடி, அக்காசினால் விழாவின் செலவைத் தீர்ப்பது தொழின்முறை அன்றோ? சட்டம் அதனை அவ்வாறு கொள்ளவில்லை. காசு குழுவின் கணக்குக்குச் சென்றது, ஆட்டக்காரர் கைக்கு வரவில்லை. ஆட்டம் பணம் ஈட்டியது, ஆடியவர் ஈட்டவில்லை. அமெச்சூர் விதி விளையாட்டிலிருந்து பணத்தை அகற்றியது என்பது ஒரு மயக்கம். அப்பணம் யாருக்குச் சேரக்கூடாது என்பதை மட்டுமே அது வரையறுத்தது.

அவ்விதியின் விசித்திரத்தைக் காட்ட இன்னொரு செய்தியும் உண்டு. தியான் சந்த் மட்டைக்குப் பதிலாகக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருந்தால், அக்காலத்து ஒலிம்பிக் விழாவிற்குள் அவர் நுழைந்திருக்க முடியாது. குதிரையேற்றப் போட்டிகளில் படையின் அதிகாரிகள் அமெச்சூர்கள். அதிகாரப் பதவியற்ற வீரர் தொழின்முறையினர். 1948ஆம் ஆண்டு இலண்டன் விழாவில் குதிரையேற்றத்தில் தங்கம் வென்ற சுவீடன் குழுவினர், தம்முள் ஒருவரான கென்னால் பெர்சன் உண்மையில் சார்ஜன்ட் பதவியினரே என்று தெரியவந்தமையால் அடுத்த ஆண்டிலே பதக்கத்தை இழந்தனர். பின்னர் விதி மாறியது. 1952இல் அதே பெர்சன் இடம்பெற்ற குழு மீண்டும் தங்கம் வென்றது. ஒரே படை, ஒரே சம்பளப் பட்டியல். ஒரு விளையாட்டில் சிப்பாய் தூயவன், மற்றொன்றில் தீண்டத்தகாதவன்!

1936ஆம் ஆண்டு பேர்லின் விழாவிற்குத் தியான் சந்த் தலைவராகச் சென்றார். தொடக்கம் நன்றாக அமையவில்லை. விழாவுக்கு முன் ஜூலை 17ஆம் திகதி ஜேர்மனியருடன் ஆடிய பயிற்சி ஆட்டத்தில் இந்தியா 4க்கு 1 எனத் தோற்றது. விழாவிலோ ஹங்கேரி, அமெரிக்கா, யப்பான், பிரான்ஸ் ஆகிய நாடுகளை ஒரு கோலும் விடாது வென்று இறுதி ஆட்டத்தை அடைந்தனர். எதிரே நின்றது அதே ஜேர்மனி. ஆட்டத்திற்கு முன் உடைமாற்றும் அறையில் பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை விரித்தார். பிரித்தானியக் கொடியின்கீழ் ஆட வந்திருந்த இளைஞர்கள் அதனை வணங்கி மைதானத்திற்குச் சென்றனர்.

மழையினால் ஒருநாள் பின்தள்ளப்பட்ட அவ்வாட்டம் ஓகஸ்ட் 15ஆம் திகதி நடந்தது. இடைவேளை வரை இந்தியா பெற்றது ஒரு கோல் மட்டுமே. அதன்பின் தியான் சந்த் ஆணி பதித்த சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, றப்பர் அடி கொண்ட இலேசான சப்பாத்துடன் ஆடினார். ஆட்டம் முடிந்தபோது கணக்கு 8க்கு 1. அவ்விழாவில் இந்தியாவுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அதுவே. ஹிட்லர் அவரை அழைத்துப் பெரும் படைப்பதவி தர முன்வந்தார் என்று ஒரு கதை பரவலாக வழங்குகிறது. செவிவழிக் கதை அது. அதனைச் சேர்த்தால்தான் அவர் பெருமை நிறையும் என்பதில்லை.

பின்னர் உலகப் போர் மூண்டது. 1940, 1944ஆம் ஆண்டு விழாக்கள் நடைபெறவில்லை. தியான் சந்துக்கு 1943ஆம் ஆண்டில்தான் அதிகாரிப் பதவி கிடைத்தது. படையில் சேர்ந்து இருபத்தோராண்டுகள், மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் ஆகியவற்றின் பின்னரே! 1947ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய கிழக்காபிரிக்கச் சுற்றுப்பயணம் அவர் ஆடிய கடைசிப் பெரும் பயணம். 1948ஆம் ஆண்டு இலண்டன் விழாவில், சுதந்திர இந்தியா பிரித்தானியாவை 4 கோல்களால் வென்றபோது அவர் மைதானத்தில் இல்லை. நம் நாட்டு டங்கன் வைட் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றதும் அவ்விழாவிலேயே.

அவருடைய தன்வரலாறு 1952ஆம் ஆண்டு சென்னையில் நூலாக வெளிவந்தது. 1956ஆம் ஆண்டில் அவர் படையிலிருந்து ஓய்வுபெற்றார். அவ்வாண்டிலேயே இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் சிலகாலம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். பின்னர் ஜான்சிக்கே திரும்பினார். மகன் அசோக் குமார் 1975ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் கோல் அடித்து இந்தியாவுக்கு வெற்றி தேடித்தந்தார். மறு ஆண்டிலோ, செயற்கைத் தரையில் ஹொக்கி ஆடப்பட்ட முதல் ஒலிம்பிக்கான மொன்றியல் விழாவில், இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

முதுமையில் வறுமை அவரைச் சூழ்ந்தது. ஈரல் புற்றுநோய் பற்றியது. 1979ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆம் திகதி டில்லி மருத்துவமனையொன்றின் பொது வார்டில் தியான் சந்த் காலமானார். ஜான்சியில், அவர் ஆடிய மைதானத்திலேயே உடல் தகனம் செய்யப்பட்டது. பின்னர் வந்த மரியாதைகளுக்குக் குறைவில்லை. தபால் தலை வெளிவந்தது. அவருடைய பிறந்த நாள் இந்தியாவின் தேசிய விளையாட்டு நாளாயிற்று. 2002ஆம் ஆண்டில் டில்லியின் தேசிய அரங்கும் 2021ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயரிய விளையாட்டு விருதும் அவர் பெயரைப் பெற்றன. பெயர் வாழ்கிறது, ஆனால் பொது வார்டில் படுத்திருந்த முதியவருக்கு இவற்றால் ஆயது என்ன?

அவர் இறந்து எட்டு மாதங்களுக்குள், 1980ஆம் ஆண்டு மொஸ்கோ விழாவில், தமிழரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஹொக்கியில் எட்டாவது தங்கத்தைப் பெற்றது. பெண்களின் ஹொக்கி ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்றதும் அவ்விழாவிலேயே. அமெச்சூர் விதியின் கோட்டையும் அக்காலத்தில் தகர்ந்துகொண்டிருந்தது. இழந்த ஊதியத்துக்கு ஈடு பெறலாம் என்று 1974இல் விதி தளர்ந்தது. தொழின்முறையினரை ஏற்பதா என்பதை அவ்வவ் விளையாட்டின் சம்மேளனமே தீர்மானிக்கலாம் என்று 1986இல் முடிவாயிற்று. 1924ஆம் ஆண்டுக்குப் பின் வெளியே நின்ற ரெனிஸ் 1988இல் திரும்பியது. 1992இல் அமெரிக்காவின் தொழின்முறைக் கூடைப்பந்தாட்டக்காரர் பார்சிலோனா விழாவில் ஆடினர்.

இம்மாற்றத்தில் அச்சத்துக்கு இடமில்லை என்று கூறோம். பணம் பெருகிய விளையாட்டுகள், பணமற்ற விளையாட்டுகளை விழாவின் மூலைக்குத் தள்ளிவிடலாம். வில்வித்தைக்கும் மற்போருக்கும் உரிய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெளிச்சத்தை, ஆண்டு முழுவதும் வெளிச்சத்தில் நிற்போர் மறைத்துவிடலாம். ஆட்டத்தின் மேலுள்ள அன்பே ஆட்டக்காரனின் முதற்செல்வம் என்று அமெச்சூர் இலட்சியம் கூறியதில் உண்மையும் உண்டு. அந்த இலட்சியத்துக்குத் தியான் சந்தை விடச் சிறந்த சான்று வேறு இல்லை.

ஆனால் அந்த இலட்சியத்தின் பெயரால் எழுந்த சட்டத்துக்கு எதிராகவும் அவரே சிறந்த சான்று. அன்பினால் ஆடியவனுக்குக் கூலி மறுப்பது அன்பைக் காப்பதாகாது. கூலி பெறுபவனிடம் அன்பு இல்லை என்பதும் பொருந்தாது; சம்பளம் பெறும் ஆசிரியரிடம் கல்வியன்பு இல்லையென்று எவரேனும் கூறுவரோ? ஒரு விளையாட்டு ஒலிம்பிக் விழாவுக்கு உரியதா என்பதை அறிய, அதை ஆடுவோரின் பணப்பையைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. அவ்விளையாட்டின் மிகச் சிறந்தவர் அங்கு வருகின்றனரா, ஏழைக்கும் அதன் கதவு திறந்திருக்கிறதா, ஆடி முடித்தவனை அது கைவிடாதிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தாற் போதும்.

முதல் இரண்டும் தியான் சந்தின் காலத்து ஹொக்கியில் இருந்தன. உலகின் மிகச் சிறந்தவர் வந்தார். அவர் ஆறாண்டுக் கல்வியுடன் படையிற் சேர்ந்த சிப்பாய். மூன்றாவது மட்டும் இல்லாது போயிற்று. 2028ஆம் ஆண்டில், அவர் 12 கோல்கள் அடித்த அந்நகரில், செல்வம் நிறைந்த கிரிக்கெட் வீரர்கள் மட்டையுடன் இறங்கும்போது, அவர்கள் அங்கு நிற்கலாமா என்று விவாதிப்போர் விவாதிக்கட்டும். அவர்களுக்கு அருகே, சம்பளமின்றி விடுமுறை எடுத்து வந்து நிற்கும் பெயரறியா வீரனொருவனும் இருப்பான். அவனை எண்ணுவதே தியான் சந்தின் நினைவுக்கு நாம் செய்யும் மரியாதை.